குரோனியோடு ஆறு ஆண்டுகள்: மூன்று பேட்டரிகளும் நாற்பது வினாடிகளும்

போன வாரம் யுபிஎஸ் பழுதுபார்க்க வந்தார்கள். 24 கணினிகளை (நோடுகளை) ஒன்றாகப் பிணைத்த எங்கள் கிளஸ்டரின் மின் இணைப்பை முழுவதுமாகத் துண்டிக்க வேண்டியிருந்தது. திரும்பப் போட்டபோது மூன்று நோடுகள், வேலைகளைப் பகிர்ந்தளிக்கும் ஸ்லர்ம் மென்பொருளின் பட்டியலில் எழவே இல்லை. அதே நாளில்தான் வேறோர் ஆய்வகத்து நண்பர், "என்டிபிடியை விட்டுக் குரோனிக்கு மாறலாமா?" என்று கேட்டிருந்தார். இரண்டும் கணினிக் கடிகாரத்தை நேர சர்வரோடு ஒப்பிட்டுத் திருத்தும் மென்பொருள்கள். அவருக்கு நேரம் சரியில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராது. மதர்போர்டிலுள்ள குவார்ட்ஸ் படிகம் ஒவ்வொன்றும் தன் போக்கில் பொய் சொல்லும். எங்கள் ஏழாம் நோடு பத்து லட்சத்துக்கு 31 பங்கு வேகமாக ஓடுகிறது. அப்படியே விட்டால் நாளொன்றுக்கு 2.7 வினாடி முந்திவிடும். பன்னிரண்டாம் நோடு 9 பங்கு சோம்பேறி. குரோனி இதை அளந்து டிரிஃப்ட் கோப்பில் குறித்துக்கொள்கிறது. நேர சர்வரோடு தொடர்பு அறுந்தாலும் அந்தக் கணக்கை வைத்தே ஓட்டுகிறது. ஒரு மே மாத இரவில் 24 நோடுகளின் எண்களும் ஒன்றாக நகர்ந்தன. போய்ப் பார்த்தால் ஏசி கம்ப்ரஸர் நின்றிருந்தது. சூடு ஏறினால் படிகத்தின் துடிப்பு மாறும் என்று படித்திருக்கிறேன். கடிகார மென்பொருள் எனக்கு வெப்பமானியாக வேலை செய்ததை அன்றுதான் பார்த்தேன்.

திருத்தும் வேகத்திலும் குறையில்லை. 100 மில்லிவினாடிப் பிழையை மெல்ல நகர்த்திச் சரிசெய்ய என்டிபிடிக்குக் குறைந்தது 200 வினாடி வேண்டும். குரோனி முழு வேகத்தில் போனால் ஒன்றேகால் வினாடியோடு சரி.

இனி என் எரிச்சல். லினக்ஸ் கர்னல் 11 நிமிடத்துக்கு ஒருமுறை சரியான நேரத்தைப் போர்டு கடிகாரத்தில் எழுதிவைக்கும். அதனால் மின்சாரம் இல்லாதபோது அந்தக் கடிகாரத்தை ஓட்டும் சிஆர்2032 பேட்டரி செத்துக் கிடப்பது சாதாரண ரீபூட்டில் தெரியவே தெரியாது. மின்சாரம் முழுதாகப் போய் வந்தால்தான் குட்டு உடையும்: நோடு சில ஆண்டுகள் பின்தங்கி விழிக்கும். நெட்வொர்க் சுவிட்சின் போர்ட் திறக்க 30 வினாடி, நேர சர்வர்களைக் கேட்டு முடிவெடுக்க மேலும் சில வினாடி. இந்த நாற்பது வினாடியும் குரோனி சேவையின் நிலை பச்சை நிறத்தில் "ஓடிக்கொண்டிருக்கிறது" என்றே காட்டும். ஓடுகிறது, உண்மைதான், நேரம் மட்டும் இன்னும் தெரியாது. அதை நம்பி, நோடுகள் ஒன்றையொன்று நம்புவதற்கான சான்று தரும் மஞ்ச் கிளம்பும், ஸ்லர்ம் கிளம்பும். மஞ்ச் சான்றின் ஆயுள் ஐந்து நிமிடம். ஆண்டுக்கணக்கில் பின்தங்கிய நோடு, வந்த சான்றெல்லாம் எதிர்காலத்தில் எழுதப்பட்டது என்று தள்ளிவிடும்.

நேரம் சரியாகும்வரை மற்றவற்றை நிறுத்திவைக்கக் குரோனி-வெயிட் என்ற சேவை கூடவே வருகிறது. எங்கள் லினக்ஸில் அது தானாக இயங்குவதில்லை. நாம்தான் இயக்கிவைக்க வேண்டும். ஆறு ஆண்டுகளில் மூன்று முறை கிளஸ்டரை மறுநிறுவியிருக்கிறேன், மூன்று முறையும் மறந்திருக்கிறேன். பாதித் தவறு என்னுடையதுதான். மீதிப் பாதியை விட்டுக்கொடுக்க முடியாது.

என்டிபிடியாக இருந்தால் இன்னும் மோசம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பிழை 1000 வினாடியைத் தாண்டினால், அதற்கென்று உள்ள விருப்பத்தைக் கொடுக்காதவரை, அது கோபித்துக்கொண்டு வெளியேறிவிடும். ஆனால் என்டிபிடியை நான் யாரிடமும் புகழ்ந்ததில்லை.

நண்பருக்கு, "இருப்பதிலேயே இருங்கள்" என்று பதில் எழுதிவிட்டேன். மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. அடுத்த மாதம் கேட்டிருந்தால் நான்கரை கொடுத்திருப்பேன். எங்கள் கிளஸ்டரில் குரோனிதான் தொடரும்.

மூன்று பேட்டரிகளையும் மாற்றியாகிவிட்டது. மற்ற 21 நோடுகளும் அவற்றோடு ஒரே லாரியில் வந்தவைதான்.