டயல்-அப் கடவுச்சொல்: சாட் ஸ்கிரிப்டிலா, பேப் கோப்பிலா?

லினக்ஸில் தொலைபேசி வழி இணைய இணைப்பை நடத்தும் பிபிபிடி (pppd) நிரல் தானாக டயல் செய்து நுழைய வேண்டுமென்றால், கடவுச்சொல்லை சாட் ஸ்கிரிப்டில், அதாவது மோடத்தோடும் சர்வரோடும் பேசும் சாட் (chat) நிரலுக்கான வரிகளில், எழுதலாம். அல்லது பேப் (PAP) என்ற கடவுச்சொல் சரிபார்ப்பு முறைக்கான பேப்-சீக்ரெட்ஸ் (pap-secrets) கோப்பில் வைக்கலாம். வெறும் எழுத்தும் எண்ணும் என்றால் எதில் வைத்தாலும் ஒன்றுதான். @, ^, \, # நுழைந்துவிட்டால் என் ஓட்டு பேப்புக்கே.

அனுப்ப வேண்டிய சொல் @ என்று தொடங்கினால், சாட் அதைக் கோப்பின் பெயர் என்று நினைத்து அந்தக் கோப்பைத் தேடப் போகும். ^ வந்தால் அடுத்த எழுத்தோடு சேர்த்துக் கட்டுப்பாட்டு எழுத்தாக்கிவிடும். எழுத்தின் எண்ணை எட்டடிமானத்தில் தரும் எண்மக் குறியீடுதான் வழி: @ க்கு \100, ^ க்கு \136, இடைவெளிக்கு \040. பின்சாய்கோட்டை (\) மட்டும் இரண்டு முறை போட வேண்டும். மூன்று இலக்கத்தையும் எழுதிவிடுங்கள். \40 என்று சுருக்கி, அடுத்த எழுத்து 7 ஆக இருந்தால் \407 என்றுதான் படிக்கப்படும்.

ஸ்கிரிப்ட் தனிக் கோப்பில் இருக்கும்வரைதான் இந்தக் கணக்கு. சாட் கட்டளையை பிபிபிடி அமைப்பின் கனெக்ட் (connect) வரியிலேயே எழுதினால், பிபிபிடி, கட்டளைகளை இயக்கும் ஷெல், சாட் என்று மூன்று பேர் அதைப் படிக்கிறார்கள். போட்ட பின்சாய்கோட்டை முதல் ஆளே விழுங்கிவிடுவார். $ ஐ ஷெல் தன் மாறி என்று எடுத்துக்கொள்ளும்.

பேப் கோப்பைப் படிப்பது பிபிபிடி மட்டும். இடைவெளியோ # ஓ இருந்தால் இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள், உள்ளே " அல்லது \ வந்தால் முன்னால் ஒரு \. $, ^ இரண்டும் அப்படியே போகும். கோப்பின் அனுமதி 600 ஆக, அதாவது உரிமையாளர் மட்டும் படிக்க, எழுதக்கூடியதாக இருக்கட்டும்.

ஆனால் என்னைச் சாய்த்தது இந்த வசதி அல்ல, தவறு நடந்தால் தெரியும் விதம். சாட்டில் ஓர் எழுத்து மாறினால், கடவுச்சொல்லை அனுப்பியதோடு தன் வேலை முடிந்தது என்று சாட் வெற்றியோடு வெளியேறும். மறுமுனையில் மீண்டும் லாகின் கேள்வி நிற்கும். பிபிபிடி அதனிடம் இணைப்பை அமைக்கும் எல்சிபி (LCP) கோரிக்கைகளை 3 விநாடிக்கு ஒன்றாக 10 முறை அனுப்பிப் பார்த்துவிட்டு, நேரம் கடந்தது என்று கைவிடும். லாகின் கேள்வி அந்தப் பைட்டுகளை எதிரொலித்தால், இணைப்பு தன்னிடமே திரும்புகிறது என்றுகூட லாகில் எழுதும். மோடத்தையும் கேபிளையும் மாற்றிப் பார்க்க வைக்கும் செய்தி அது! பேப்பிலோ அங்கீகாரம் தோற்றது என்று நேராகவே வரும்; பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சர்வர் எழுத்து வடிவ லாகினை மட்டுமே ஏற்றால் சாட்டை விட வழியில்லை. அப்போதும் தனிக் கோப்பில் வையுங்கள். விரிவான லாக் போடும்போது கடவுச்சொல்லும் கணினியின் பதிவேடான சிஸ்லாகில் விழும். அந்தச் சொல்லோடு பின்சாய்கோடும் சிறிய க்யூவும் (\q) சேர்த்தால் அங்கே கேள்விக்குறிகள் மட்டும் பதிவாகும்.