சோனார்கியூப்: குவாலிட்டி கேட்டை எந்த இடத்தில் போடுகிறீர்கள்?

நிரலை அலசிக் குறைகளைக் காட்டும் சோனார்கியூபை நிறுவினாலே நிரலின் தரம் ஏறிவிடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். வாட்டர்ஃபால் பாணியில், அதாவது கட்டம் கட்டமாக, எல்லாவற்றையும் எழுதி முடித்து, டெஸ்டிங் கட்டத்தில் ஒருமுறை ஸ்கேன் ஓட்டினால் ஆயிரக்கணக்கில் குறைகள் வந்து நிற்கும். ரிலீஸ் நெருங்கும் நேரத்தில் அதில் யார் கை வைப்பார்கள்? புதிய நிரலை முதன்மை நிரலோடு சேர்க்கும் ஒவ்வொரு மெர்ஜுக்கும் முன்னால் ஓடினால்தான் இதற்கு வேலை.

இதன் பலமே புதிய நிரலை மட்டும் தனியாக அளப்பதுதான். பழைய குப்பை இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறது. நிரல் தேறியதா என்று முடிவு செய்யும் நிபந்தனைகள்தான் குவாலிட்டி கேட். 'சோனார் வே' என்ற இயல்புநிலை கேட்டில், புதிய வரிகளின் டெஸ்ட் கவரேஜ் (டெஸ்ட் ஓடும்போது இயங்கும் பங்கு) 80 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. நகல் வரிகள் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. புதிய வரிகள் 20-க்கும் குறைவு என்றால் இந்த இரண்டையும் கணக்கில் எடுக்காது. நல்ல ஏற்பாடு, இல்லாவிட்டால் இரண்டு வரித் திருத்தத்துக்கெல்லாம் சிவப்பு விழும்.

முதல் வாரத்தில் பலரும் தடுக்கி விழுவது கவரேஜ் 0 என்று காட்டும் இடத்தில். சோனார்கியூப் டெஸ்ட் எதையும் தானாக ஓட்டாது. ஜாவா என்றால் கவரேஜை அளக்கும் ஜகோகோ கருவியின் எக்ஸ்எம்எல் ரிப்போர்ட்டை ஸ்கேனுக்கு முன்பே உருவாக்கி, அது வழக்கமான இடத்தில் இல்லாவிட்டால் பாதையையும் சொல்ல வேண்டும். அடுத்தது, நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டின் வரலாறு. பில்டையும் ஸ்கேனையும் தானாக ஓட்டும் பைப்லைன், கடைசி கமிட்டை (கடைசியாகப் பதிந்த மாற்றத்தை) மட்டும் இறக்கினால் எந்த வரி எப்போது வந்தது என்பது தெரியாமல் புதிய நிரல் கணக்கே குழம்பும். முழு வரலாற்றையும் இறக்குங்கள்.

இன்னொன்று: கேட் தோற்றாலும் பைப்லைன் பச்சையாகவே இருக்கும். ஸ்கேனர் ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டுப் போய்விடும், முடிவு சர்வரில் பிறகுதான் தயாராகும். 'சோனார்.குவாலிட்டிகேட்.வெயிட்' என்ற ஸ்கேனர் அமைப்பை 'ட்ரூ' ஆக்கினால் காத்திருந்து பில்டை நிறுத்தும். இதை விட்டுவிட்டால் கேட் வெறும் அலங்காரம்.

பெரிய குறை, இலவசப் பதிப்பு மெயின் பிராஞ்சை (முதன்மைக் கிளையை) மட்டுமே அலசும். மெர்ஜுக்கு அனுமதி கேட்கும் புல் ரிக்வெஸ்டிலேயே தடுக்க வேண்டுமானால் கட்டணப் பதிப்புதான். கட்டணம் நிரல் வரிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. பணம் கட்ட முடியாத குழு, நிரலை ஓட்டாமலே பிழை தேடும் லின்டரையும் யூனிட் டெஸ்டையும் மெர்ஜுக்கு முன் கட்டாயமாக்கி, சோனார்கியூபை மெயினில் காவலுக்கு வைக்கலாம்.

விடை சரியா என்று பார்க்கும் அசர்ட் வரி இல்லாத டெஸ்டும் கவரேஜை ஏற்றும் என்பதை இந்தக் குவாலிட்டி கேட்டினால் பிடிக்க முடியாது. 80-ஐத் தொடுவதற்காகவே எழுதிய டெஸ்டை ரிவ்யூவில் ஆள்தான் பிடிக்க வேண்டும்.