தேக்கு என்று சொல்லி விற்ற நடைவண்டி: பேரப்பிள்ளைக்கு வாங்கப்போகிறவர்கள் கவனத்துக்கு

கோயில் கடைத்தெருக்களில் "அம்பாசமுத்திரம் கடைசல் (மரத்தைச் சுழற்றிக் கடைந்த வேலை), சுத்தமான தேக்கு" என்று கூவி விற்கும் மர நடைவண்டியைக் கவிழ்த்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். அப்படி ஒன்றுக்கு நான் 2,800 ரூபாய் கொடுத்தேன். பணம் போனது கிடக்கட்டும். அதன் சக்கரத்திலிருந்து கழன்ற பிளாஸ்டிக் மூடி என் பேரனின் உதடுகளுக்கு இடையில் இருந்தது. அவனுடைய பாட்டி அருகிலேயே உட்கார்ந்திருந்ததால் அது தொண்டைக்குள் போகவில்லை.

பேரனுக்கு முதல் பிறந்தநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறான், ஓரிரண்டு அடி வைக்கிறான். உட்காரவைத்து உருள விடும் பிளாஸ்டிக் வாக்கர் வேண்டவே வேண்டாம் என்று குழந்தை மருத்துவர் மருமகளிடம் சொல்லியிருந்தார். படிக்கட்டில் உருண்டு விழுந்து அடிபடும் குழந்தைகள் அதிகம் என்பதால் கனடா 2004இலேயே அதற்குத் தடை போட்டுவிட்டது. நடைவண்டியின் கதை வேறு. குழந்தை தன் காலில் நின்று, தானே தள்ள வேண்டும். என் பிள்ளைகள் பழகிய வண்டி வேங்கை மரத்தில் செய்தது. அது தம்பி வீட்டுக்குப் போய், அங்கிருந்து பக்கத்து வீட்டுக்குப் போய், இன்னும் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. பேரனுக்கும் அப்படி ஒன்றைக் கொடுக்க ஆசைப்பட்டேன்.

தென்மாவட்டக் கோயில் நகரம் ஒன்றில், சன்னிதித் தெருக் கடை. கடைக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். மரம் தேக்கு, பூச்சு முழுக்க அரக்கு, ஐஎஸ்ஐ முத்திரையும் உண்டு என்று அடுக்கினார். வண்டியைத் தூக்கி என் கையில் வைத்து, "கனத்தைப் பாருங்கள் ஐயா, தேக்கு இல்லையென்றால் இவ்வளவு கனம் வருமா?" என்றார். அவர் சொன்னதில் ஒன்றுகூட உண்மை இல்லை.

தரையைத் துடைத்த ஈரம் பட்டுப் பட்டு, வண்டியின் அடிச்சட்டம் உப்பத் தொடங்கியது. ஓரத்தில் தேக்கு ரேகை மாதிரி தெரிந்தது வெறும் ஒட்டுத்தாள். அது உரிந்ததும் உள்ளே மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை. பல் முளைக்கிற பிள்ளை, கைப்பிடியைக் கடிக்காமல் இருப்பானா? கடித்த இடத்தில் சிவப்புப் பெயின்ட் செதில் செதிலாக வந்தது. அதைப் பார்த்தவுடனேயே மருமகள் வண்டியை உயரே எடுத்து வைக்கச் சொன்னாள். எடுத்து வைப்பதற்குள், அன்று மாலையே அந்த மூடி கழன்றது. மெல்லிய இரும்புக் கம்பியை அச்சாகச் செருகி, சக்கரம் கழலாமல் இருக்க முனையில் ஒரு மூடியை அழுத்தி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் சொன்ன விவரங்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியவை.

முதலில் கனம். அழுத்திய பலகையும் தேக்கு அளவுக்குக் கனக்கும், அதனால் கனத்தை வைத்து மரத்தைச் சொல்ல முடியாது. பார்க்க வேண்டியது வெட்டு முனையை. மேலே ஓடும் ரேகை முனையிலும் தொடர்ந்து உள்ளே இறங்கினால் மரம். முனை முழுவதையும் பெயின்ட் பூசியோ தாள் ஒட்டியோ மறைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். வண்டியைக் கவிழ்த்து திருகாணித் துளைகளைப் பாருங்கள். துளையைச் சுற்றித் தூள் உதிர்ந்தால் அது அழுத்திய பலகைதான்.

அடுத்தது அரக்கு. இந்த இடத்தில் பெரியவருக்குக் கோபமே வந்துவிட்டது. கடைசல் இயந்திரத்தில் மரம் சுழலும்போது அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். ஆகவே சொப்பு, பம்பரம், சக்கரம், உருண்டைக் கைப்பிடி என்று சுழலக்கூடிய உருப்படிகளுக்குத்தான் இந்த வேலை பொருந்தும். தட்டைச் சட்டத்துக்குக் கடைசலில் அரக்கு ஏற்ற முடியாது. "முழு வண்டியும் அரக்கு" என்று ஒருவர் சொல்லும்போதே அவருக்குத் தொழில் தெரியாது, அல்லது வாங்குபவருக்குத் தெரியாது என்று நினைக்கிறார் என்றார். அம்பாசமுத்திரத்தில் பரம்பரையாகச் சொப்பு கடையும் குடும்பங்களின் பெயரில் இந்தச் சரக்கு விற்கப்படுவது, என்னை ஏமாற்றியதைவிடப் பெரிய அநியாயம். நாளைக்கு உண்மையான சாமானையும் யாரும் நம்பமாட்டார்கள்.

ஐஎஸ்ஐ முத்திரைக்கு வருகிறேன். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு அது கட்டாயம். முத்திரைக்கு மேலே ஐஎஸ் 9873 போன்ற தர எண்ணும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த உரிம எண்ணை இட்டால் தயாரிப்பாளரின் பெயர் வரும். என் வண்டியில் முத்திரை மட்டும்தான் அச்சாகியிருந்தது, எண்ணே கிடையாது. கடையிலேயே, காசு கொடுக்கும் முன்பே இதைப் பார்த்துவிடலாம். ஆனால் ஒன்று: கைவினைத் துறையில் பதிவு செய்த கலைஞர்கள் தாங்களே செய்து விற்கும் பொம்மைக்கு இந்தக் கட்டாயத்திலிருந்து விலக்கு உண்டு. முத்திரை இல்லை என்பதற்காகப் பட்டறைக்காரரை ஒதுக்கிவிடாதீர்கள். பயப்பட வேண்டியது எண் இல்லாத முத்திரைக்குத்தான்.

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் பொம்மையில் இருந்து கழலும் எதுவும் 31.7 மில்லிமீட்டர் அகலமுள்ள சோதனைக் குழாய்க்குள் முழுதாக அடங்கிவிடக் கூடாது என்பது விதி. ஏறக்குறைய ஒன்றேகால் அங்குலம். எங்கள் வண்டியின் மூடி அதில் பாதிகூட இல்லை. சக்கரம், மணி, மூடி எல்லாவற்றையும் கடையிலேயே உங்கள் பலம் முழுவதையும் போட்டு இழுத்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

வண்டியோடு கடைக்குத் திரும்பிப் போனேன். "குழந்தையைப் பெரியவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், நாங்கள் என்ன செய்வது?" என்று கேட்டார். மூடி வாய்க்குள் போன கதையைச் சொன்ன பிறகு கேட்ட கேள்வி இது. பிறகு ரசீதில் அச்சிட்டிருந்த "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற வரியை விரலால் காட்டினார். அந்த வரியைக் கண்டு யாரும் பின்வாங்க வேண்டாம். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ரசீதில் கெடு எதுவும் குறிப்பிடாதபோது 30 நாள் அவகாசம் உண்டு. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் இல்லை.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். கடையிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. வராவிட்டால் ஆணையத்துக்குப் போவேன். வண்டி, மூடி, பெட்டி, ரசீது நான்கையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். பேரனுக்குப் பட்டறைப் பெரியவரே வேப்ப மரத்தில் ஒரு வண்டி செய்து தருகிறார், கம்பிக்குப் பதில் மர அச்சு, மரக் கடையாணி, பெயின்ட் கிடையாது.

இதே மாதிரி வண்டி உங்கள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே சக்கர மூடிகளை இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் குழந்தையிடமிருந்து வண்டியை எடுத்துவிடுங்கள். ஆனால் தூக்கி எறிய வேண்டாம், புகாருக்கு அது வேண்டும்.