அச்சிட்ட குறி வராது, அச்சிடாத குறிகள் வரும்: என் விசைப்பலகை

நான் பயன்படுத்தும் விசைப்பலகையின் விலை குறைந்திருப்பதைப் பார்த்த நண்பர் ஒருவர், அதை வாங்கலாமா என்று கேட்டார். ரிச்சி தெருவில் வாங்கிய அது, பாரிமுனையில் நான் கணக்கு எழுதும் பைப் பிட்டிங்ஸ் கடையில் சில ஆண்டுகளாக நாள் முழுதும் அடிபட்டு வருகிறது. விசைகளின் மென்மை, ஒயரின் நீளம் முதலியவற்றை விட்டுவிட்டுக் குறிகளைத் தட்டச்சு செய்வதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எங்கள் பில்லில் எழுத்துகளைவிடக் குறிகளே தகராறு செய்கின்றன.

ஒன்றரை இன்ச் என்பதை 11/2 என்று அடித்துவிட்டால், கோடவுனில் சரக்கு எடுப்பவர் அதை ஐந்தரை என்று எடுத்துக்கொண்டாலும் அவர் மேல் பழி சொல்ல முடியாது. அங்கேதான் இந்த விசைப்பலகையின் வலப்பக்கத்து எண்பகுதி கைகொடுக்கிறது. நம்லாக் விளக்கு எரியும்போது ஆல்ட் விசையை அழுத்தியபடி அந்த எண்பகுதியில் 0189 என்று அடித்தால் ½ வந்து நிற்கிறது. 0188 என்றால் ¼, 0190 என்றால் ¾, எல்போ என்னும் குழாய் வளைவின் பாகைக் குறிக்கு 0176, அளவுகளுக்கு இடையே வரும் × குறிக்கு 0215. முன்னால் உள்ள பூஜ்யத்தை விடக் கூடாது. பூஜ்யமில்லாத எண்கள் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துக் குறி அட்டவணையிலிருந்து எடுக்கப்படுபவை; 171 என்றால் அதிலும் ½ கிடைக்கும், ஆனால் அந்த அட்டவணையில் ¾ கிடையவே கிடையாது. மேல்வரிசை எண்களில் இந்த வித்தை எடுபடாது என்பதால், எண்பகுதி இல்லாத மடிக்கணினியோடு மல்லுக்கட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கிறது.

இத்தனைக்கும் இவற்றில் எந்தக் குறியும் எந்த விசையின் மேலும் அச்சிடப்படவில்லை. அச்சிடப்பட்டிருப்பது 4 என்ற விசையில் உள்ள ₹ ஒன்றுதான், அது ஒன்றுதான் வருவதில்லை.

விண்டோஸில் அமெரிக்க ஆங்கில விசைப்பலகை அமைப்பு இருக்கும் வரை அந்த அச்சு வெறும் அலங்காரமே. இந்திய ஆங்கில அமைப்புக்கு மாற்றிய பிறகே வலது ஆல்ட்டும் 4ம் சேர்ந்து ₹ தருகின்றன. எல்லா மொழிக் குறிகளுக்கும் பொதுவான யூனிகோட் பட்டியலில் ₹க்கு உள்ள எண்ணான 8377ஐ ஆல்ட்டோடு அடித்துப் பார்ப்போம் என்றால், பல மென்பொருள்கள் அதை 256ஆல் வகுத்து, மீதியான 185க்கு உரிய ╣ என்ற கட்டத்துண்டை நீட்டுகின்றன. அமைப்பை மாற்றிக் கடிதங்களில் ₹ ஒழுங்காக வந்த பின்னும் எங்கள் பில் மென்பொருள் மசியவில்லை. 2010இல் பிறந்த குறிக்கு அந்த மென்பொருளின் 256 குறிகளே அடங்கும் பழைய அட்டவணையில் இடமில்லாததால், ₹4,500 என்பதை அது ?4,500 என்று அச்சிடுகிறது. விலையில் உங்களுக்கே சந்தேகமா என்று கேட்காத வாடிக்கையாளர் குறைவு.

நியாயமாகப் பார்த்தால் இதில் விசைப்பலகையின் குற்றம் பாதிகூட இல்லை. அமைப்பு ஒருவருடையது, பில் மென்பொருள் இன்னொருவருடையது. ஆனாலும் பெட்டியின் மேல் ‘ரூபாய்க் குறியுடன்’ என்று பெரிதாகப் போட்டு விற்றவர்கள், அமைப்பை மாற்ற வேண்டும் என்று உள்ளே ஒரு துண்டுச் சீட்டாவது வைத்திருக்கலாம். ஓயாமல் அடித்ததில் ஏ, இ, எஸ் எழுத்துகள் தேய்ந்து மறைந்துவிட்டன. ₹ மட்டும் புது மெருகோடு இருக்கிறது.

நண்பருக்குச் சொல்லக்கூடியது: உழைப்பில் குறையில்லை, எண்பகுதிக்கு ஈடில்லை, குறைந்த விலைக்கு இது லாபமே. ஆனாலும் ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்தான் தருவேன். இன்று காலையும் கேள்விக்குறியோடு ஒரு பில் திரும்பி வந்திருக்கிறது.