யானைக் காவலுக்கு வாங்கின எம்பி3 பிளேயர், அஞ்சு வருசத்துக்குப் பிறகு

2019 காலபோக நெல் வெள்ளாண்மைக்கு முதல் கிளிநொச்சி ரவுணில வாங்கின பிளேயர் இது. வயல் காவல் கொட்டிலுக்கு போனைக் கொண்டுபோய் பாட்டுக் கேட்டா விடியமுதல் சார்ஜ் இறங்கிடும், யானை வந்தா ஆக்களைக் கூப்பிட போன் வேணும் எல்லோ, அதால பாட்டுக்கெண்டு தனியா ஒண்டு. 2022 பங்குனி கடைசியில ஒருநாளைக்கு 13 மணித்தியாலம் கறன்ற் வெட்டினவங்கள், அப்ப வீட்டில பாடினது இது ஒண்டுதான். பிரச்சினை குடுக்கேல்லையோ எண்டு கேட்டா, குடுத்தது, வடிவாக் குடுத்தது.

முதல் பிரச்சினையைச் சொல்ல வெக்கமாத்தான் கிடக்கு. ஒரு பட்டனும் வேலை செய்யேல்லை, ரெண்டு நாள் மண்டையைப் போட்டு உடைச்சனான், கடைசியில பார்த்தா பக்கத்தில கிடக்கிற, பட்டனுகளைப் பூட்டிற ஹோல்ட் சுவிச் பொக்கற்றுக்குள்ள உரஞ்சி நகர்ந்திருக்கு. அவ்வளவுதான்.

பிறகு ஒருநாள் ஓன் பண்ண கொம்பனிப் படத்தோட அப்பிடியே நிண்டிட்டுது. மெமரி சிப்பைக் கழட்டிப்போட்டு ஓன் பண்ணினன், உடன வந்திட்டுது, அப்ப பிழை சிப்பிலதான். மருமோன் 64 ஜிபி சிப் ஒண்டில பாட்டு நிரப்பித் தந்தவன். அந்தளவு சிப் கடையால வரேக்கயே எக்ஸ்ஃபாட் எண்ட, பைலுகளை அடுக்கி வைக்கிற முறையிலதான் வரும், என்ர பிளேயருக்கு ஃபாட்32 எண்ட பழைய முறை மட்டும்தான் விளங்கும், வின்டோஸில சாதாரணமா ரைட் கிளிக் பண்ணி போர்மற் அடிச்சாலும் 32 ஜிபிக்கு மேல ஃபாட்32 காட்டாது. இதோட மினக்கெடாம 16 ஜிபி சிப் ஒண்டு போட்டன். 128 கேபிபிஎஸ் தரத்தில உள்ள பாட்டெண்டா ஒரு நிமிசத்துக்கு ஒரு எம்பி வரும், எப்பிடியும் மூவாயிரம் பாட்டுக்கு மேல கொள்ளும், எனக்கு அது தாராளமாக் காணும்.

உண்மையா மினக்கெட்டது ஒரு காதுக்கு மட்டும் பாட்டு வந்த கதையிலதான். கெட்செற்றை போனில போட்டா ரெண்டு பக்கமும் கேக்குது, அப்ப பிழை பிளேயர்ல கெட்செற் குத்திற ஓட்டையில, ஜாக் எண்டுறது அதைத்தான். டோர்ச் அடிச்சுப் பார்த்தா உள்ளுக்கு எங்கட செம்மண் தூசியும் சேட்டுப் பஞ்சும் இறுகிக் கிடக்கு, ஈர்க்கில கொஞ்சம் பஞ்சு சுத்தி சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில தொட்டுத் துடைச்சன், ரெண்டு மாசம் ஒழுங்காப் பாடிச்சுது, பிறகு திரும்பவும் அதே கதை, வயரை ஒரு பக்கம் சரிச்சுப் பிடிச்சா மட்டும் கேக்கும். சரிச்சுப் பிடிச்சாக் கேக்குது எண்டா அனேகமா உள்ளுக்கு சோல்டர், அதான் ஈய ஒட்டு, விட்டிட்டுது எண்டுதான் அர்த்தம். பின்பக்கத்தில நாலு சின்ன ஸ்குறூ, கழட்டி முதல் பற்றரி வயரை எடுத்துப்போட்டுப் பார்த்தன், ஜாக்கின்ர ஒரு காலைச் சுத்தி மயிர் மாதிரி வட்டமா வெடிப்பு. றேடியோ திருத்திற ஐயாட்ட சோல்டர் அயன் கடன் வாங்கி ஒரு பொட்டு வைச்சன். இண்டைவரைக்கும் அசையேல்லை.

போன வருசம் பற்றரி. பெட்டிக்குள்ள கனநாள் கிடந்ததை எடுத்து சார்ஜில போட்டா ஏறேல்லை, மூடியும் லேசா எழும்பி நிண்டுது. திறந்தா பற்றரி அப்பளம் மாதிரி ஊதியிருக்கு. உப்பிடி ஊதினதை அமத்தவோ குத்தவோ வேண்டாம், நெருப்புப் பிடிக்கும். புதுசு தேடேக்க அதில அடிச்சிருக்கிற நம்பரைப் பாருங்கோ, என்ரதில 502030, எண்டா 5 மில்லிமீற்றர் தடிப்பு, 20 அகலம், 30 நீளம். வோல்ற் 3.7. சிவப்பு கறுப்பு வயரை இடம் மாறிக் குடுத்தீங்களெண்டா பிளேயர்ர கதை முடிஞ்சுது.

"மாமா, இதுக்குச் சிலவழிச்ச காசுக்குப் புதுசே வாங்கியிருக்கலாம்" எண்டு மருமோன் சொல்லுறான். கணக்குப் பார்த்தா அவன் சொல்லுறது பிழையில்லை. ஆனா சண்டைக் காலத்தில அரசாங்கம் வடக்குக்குப் போட்ட பொருளாதாரத் தடை நேரம் பற்றரி இல்லாம சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோ சுத்தி அப்பா செய்தி கேட்டதைப் பக்கத்தில இருந்து பார்த்தனான், பாடுற சாமானை எறிய எனக்கு மனம் வராது.

இப்ப மிச்சம் ஒரு குறைதான், எஃப்எம் இரையுது. இதில கெட்செற் வயர்தான் அன்ரனா, வயரைச் சுருட்டி வைச்சா ஒண்டும் கேக்காது. கொட்டில் வளையில ஆணி அடிச்சு வயரை நீட்டிக் கொழுவிப் பாக்கிறன், முந்தியை விடக் கொஞ்சம் தெளிவு, ஆனா காத்தடிச்சா திரும்பவும் இரைச்சல்தான்.