ஹார்ஸ்ராடிஷ் வளர்க்க: தானாக முளைத்த வேரா, கடை வேரா, நர்சரி வேரா?

இங்கிலாந்தில் சாலையோரப் புல்வெளி, ரயில் பாதைச் சரிவு, ஆள் இல்லாத பழைய தோட்டம் என்று பல இடங்களில் ஹார்ஸ்ராடிஷ் தானாக முளைத்துக் கிடக்கிறது. கடுகுக் குடும்பத்துச் செடி. வேரைத் துருவி, வினிகரில் கலந்து, ரோஸ்ட் பீஃபுக்குத் தொட்டுக்கொள்வார்கள். காரம் நாக்கைவிட மூக்கில்தான் ஏறும். இதை வீட்டில் வளர்க்க நினைப்பவருக்கு மூன்று வழி இருக்கிறது: வெளியில் தோண்டி எடுப்பது, காய்கறிக் கடையில் வேர் வாங்கி நடுவது, நர்சரியில் நடவுத் துண்டு வாங்குவது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோண்டி எடுத்ததை நடுங்கள். உடனே சமைக்க வேண்டுமென்றால் கடையில் வாங்குங்கள். பலர் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்.

காட்டு வேர் என்றால் ஏதோ தனி இனம், காரம் அதிகம் என்ற நம்பிக்கை இருக்கிறது. பிரிட்டனில் அப்படியொரு இனமே கிடையாது. தென்கிழக்கு ஐரோப்பா, மேற்கு ஆசியா பக்கம் தோன்றிய செடி இது; இங்கே வெளியில் இருப்பதெல்லாம் தோட்டத்திலிருந்து தப்பியவை. முளைக்கக்கூடிய விதை அபூர்வம். கொட்டிய மண்ணோடு போன வேர்த்துண்டுகள்தான் இப்படிப் பரவியிருக்கின்றன. வருடக்கணக்காக யாரும் தொடாமல் இறுகிய மண்ணில் கிடந்ததால் நடுவேர் கிளைத்து, முறுக்கி, நார் ஏறிப் போயிருக்கும். மண்வெட்டி வைத்தால் இரண்டடி ஆழத்தில் முறிந்துவிடும். சுத்தம் செய்வதற்குள் பாதி கழிவாகப் போகும். சாப்பிட இது சுகப்படாது. ஆனால் அந்த நடுவேரிலிருந்து பென்சில் தடிமனில் பக்கவேர்கள் ஓடுகின்றன பாருங்கள், அவைதான் சரக்கு. இளசானவை, நல்ல மண்ணில் வைத்தால் நேராகத் தடித்து வரும்.

தேடும் பருவத்தில்தான் சிக்கல். வேர் எடுக்கச் சரியான காலம், இலை காய்ந்து விழுந்த பிறகு, இலையுதிர் காலக் கடைசியிலிருந்து வசந்தம் வரை. அப்போது மண்ணுக்கு மேலே அடையாளம் எதுவும் இருக்காது. அதனால் மே, ஜூனில் நாலிதழ் வெள்ளைப் பூ நிற்கும்போதே இடத்தைக் குறித்துவைக்க வேண்டும். அப்போதே இலையையும் பார்த்துவிடலாம். மஞ்சள் திட்டு ஓடியிருந்தால் வைரஸ் இருக்கலாம், வெள்ளைக் கொப்புளம் இருந்தால் வெள்ளைத் துரு நோய். அந்தச் செடியை விட்டுவிடுங்கள்.

இலையை வைத்து ஏமாறுவதும் உண்டு. டாக் என்ற களைச்செடியின் இலை தூரத்தில் இதே போல நீளமாகத் தெரியும். கசக்கி முகர்ந்தால் குழப்பம் தீரும்: ஹார்ஸ்ராடிஷ் இலையில் கடுகு நெடி வரும், டாக் இலையில் வராது. டாக் செடியில் காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காகிதம் போன்ற மெல்லிய உறையும் இருக்கும். வசந்தத்தில் வரும் முதல் இலைகள் சீப்புப் பல் போல வெட்டுப்பட்டிருப்பதால், அது வேறு செடியென்று கடந்து போவோரும் உண்டு.

இலை இல்லாத காலத்தில் வேரை மட்டும் பார்த்துத் தோண்டவே தோண்டாதீர்கள். 1856இல் ஸ்காட்லாந்தின் டிங்வாலில் ஒரு விருந்துக்கு ஹார்ஸ்ராடிஷ் என்று நினைத்து மங்க்ஸ்ஹூட் என்ற நச்சுச் செடியின் வேரை எடுத்துவந்துவிட்டார்கள். பாதிரியார்கள் இருவர் உட்பட மூன்று பேர் இறந்தார்கள். அமெரிக்காவில் போக்வீட் என்ற நச்சுச் செடியின் வேரை ஹார்ஸ்ராடிஷ் என்று நினைத்துச் சாப்பிட்டு நோயுற்றவர்கள் உண்டு.

அப்புறம் சட்டம். பிரிட்டனில் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிலத்துக்குரியவர் அனுமதி இல்லாமல் எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு எடுப்பது குற்றம். ரயில் பாதைச் சரிவுக்குள் நுழைவதே தவறு, அங்கே களைக்கொல்லியும் தெளிப்பார்கள். பரபரப்பான சாலையோர மண்ணில் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து மிச்சம் இருக்கலாம். இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் பிடித்த இடம் அலாட்மென்ட் தோட்டங்கள்தான், அதாவது காய்கறி வளர்க்க வாடகைக்கு விடும் சிறு நிலத்துண்டுகள். அங்கே யாரோ ஒருவர் இந்தச் செடியை ஒழிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருப்பார். கேட்டால் ஒரு பை நிறையக் கொடுத்து, நன்றியும் சொல்வார்.

கடை வேர் தடிமனாக, கழுவிச் சுத்தமாகக் கிடைக்கும். துருவுவதற்கு இதுதான் வசதி. நடவும் செய்யலாம், தலைப்பக்கம் முழுதாக இருக்கும், கையில் அழுத்தினால் தளராத வேராகப் பாருங்கள். குளிர்பதனத்தில் நெடுநாள் கிடந்து வற்றியது முளைக்கத் தாமதிக்கும், சிலது அழுகும்.

நர்சரித் துண்டு விலை கூடுதல், ஆனால் ரகம் தெரிந்து வாங்கலாம், பெரும்பாலும் நோயில்லாமல் வரும். முட்டைக்கோஸ், டர்னிப் வளர்ப்பவர்களுக்கு இது முக்கியம், ஏனென்றால் இந்தக் குடும்பத்துப் பயிர்களுக்குள் வைரஸ் தாவும். மற்றவர்களுக்கு அவசியமில்லை. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் காலின்ஸ்வில் பகுதி இந்தப் பயிருக்குப் பெயர்போனது. அங்கே மிசிசிப்பி வண்டல் மண்ணில் பயிரிடும் விவசாயிகளும் அறுவடையின்போது பக்கவேர்களை எடுத்துவைத்துத்தான் அடுத்த வருடம் நடுகிறார்கள். நான் அலாட்மென்டில் வாங்கச் சொல்வதும் அதே பொருள்தான்.

எங்கிருந்து வந்தாலும் நடும் முறை ஒன்றுதான். மார்ச், ஏப்ரலில் ஒரு சாண் நீளத் துண்டுகளாக வெட்டுங்கள்: மேல்முனையை நேராக, கீழ்முனையைச் சாய்வாக. எது தலை என்று பிறகு குழப்பம் வராது. மண்ணில் சாய்த்து, தலை ஓரிரு அங்குலம் மூடும்படி வையுங்கள். கோடையில் ஒருமுறை மண்ணை விலக்கி, மேல்பகுதியில் கிளம்பும் பக்கவேர்களைத் தேய்த்து எடுத்தால் நடுவேர் தடிக்கும். முதல் வருடக் கடைசியிலேயே எடுத்துவிடலாம், விட்டுவைத்தால் அதுவும் நார் ஏறும். விரல் நீளத் துண்டு மண்ணில் தங்கினாலும் மறுபடி முளைக்கும் என்பதால், தரையில் நடாமல் ஆழமான பழைய குப்பைத் தொட்டியின் அடியில் ஓட்டை போட்டு வளர்ப்பது நல்லது.

தமிழ்நாட்டில் கேட்பவர்களுக்கு ஒன்று. குளிர்கால உறக்கம் வேண்டிய செடி என்பதால் சமவெளிக்கு ஒத்துவராது. பிரிட்டிஷ்காரர்கள் நம் ஊரில் இதற்குப் பதிலாக முருங்கை வேரைத் துருவிச் சாப்பிட்டார்கள். வாசனை ஒத்துப்போகும்தான், ஆனால் அந்த வேர்ப்பட்டையில் நச்சுப் பொருள்கள் இருப்பதால் அந்த வழக்கத்தைத் தொடர வேண்டாம்.

முழு வேருக்கு வாசனையே இருக்காது. துருவி அணுக்கள் உடையும்போதுதான் காரம் பிறக்கிறது. வினிகர் ஊற்றியதும் அது கூடுவது நின்றுவிடும். மிதமாக வேண்டுமென்றால் உடனே ஊற்றுங்கள், கண்ணில் நீர் வர வேண்டுமென்றால் மூன்று நிமிடம் பொறுங்கள். ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுத் துருவுங்கள்.