வேடந்தாங்கலா, ஆமை நடையா, நாகலாபுரமா?

பிள்ளைகளோடு இயற்கையைப் பார்க்கக் கிளம்பும் சென்னைப் பெற்றோர் முதலில் கேட்பது, "எத்தனை வயசுல கூட்டிட்டுப் போகலாம்?" என்றுதான். அதைவிட உதவும் கேள்வி ஒன்று உண்டு. பாதி வழியில் பிள்ளை "போதும், வீட்டுக்குப் போலாம்" என்று உட்கார்ந்துவிட்டால், எவ்வளவு நேரத்தில் வண்டிக்குத் திரும்ப முடியும்?

வேடந்தாங்கலில் சில நிமிடங்கள் போதும். ஏரிக்கரையோரமாகவே நடைபாதை என்பதால் மூன்று வயதுக் குழந்தைக்கும் சரிப்படும். நவம்பர் முதல் மார்ச் வரை சீசன். மழை பொய்த்து ஏரி வறண்டால் பறவைகளும் வராது, விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் கூட்டம் கூட்டமாக மரங்களுக்குத் திரும்பும். அங்கே பிள்ளைகள் சலித்துப்போவதற்குப் பெரும்பாலும் பைனாகுலர்தான் காரணம். பெரியவர்களின் 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. வில்லை கொண்டது) கனம் அதிகம். இரண்டு குழல்களையும் எவ்வளவு நெருக்கினாலும் சின்ன முகத்துக்குப் பொருந்தாமல் போகலாம். 6x30 நல்லது. முதலில் வெறும் கண்ணால் பறவையைப் பார்த்து, பார்வையை நகர்த்தாமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவரப் பழக்குங்கள். வீட்டு மொட்டைமாடியில் காக்கையைப் பார்த்தே இதைப் பழகலாம்.

ஆமை நடை, அதாவது கரையேறும் கடலாமைகளைத் தேடி இரவில் கடற்கரையில் நடப்பது, இதற்கு நேரெதிர். பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) முட்டையிட வரும் ஜனவரி முதல் மார்ச் வரையான மாதங்களில், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் மணலில் நடை. நள்ளிரவை ஒட்டித் தொடங்கி விடியற்காலை வரை நீளும். இரண்டு மணிக்குப் பாலவாக்கத்தில் பிள்ளை தூங்கி விழுந்தால் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பதுதான் வழி. மதியம் இரண்டு மணி நேரம் தூங்கவைத்தால் ஓரளவு தாங்கும். காய்ந்த மணலில் கெண்டைக்கால் சீக்கிரம் வலிக்கும். அலை நனைத்து இறுகிய ஓரமாக நடக்கவிடுங்கள், கடல் பக்கம் நீங்கள். கரையேறும் ஆமை வெளிச்சத்தைப் பார்த்தால் முட்டையிடாமலே திரும்பிவிடக்கூடும். ஆகவே டார்ச்சும் போன் வெளிச்சமும் கூடாது. இருட்டுக்குப் பயப்படும் பிள்ளைக்கு இது பெரிய சோதனை. ஆமையே கண்ணில் படாத இரவுகளும் உண்டு. அதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் விடியற்காலை அழுகை மிச்சம்.

பத்து வயதுக்குக் கீழ் என்றால், எங்கள் கணிப்பில், பொரிப்பகத்தில் பொரிந்த ஆமைக்குஞ்சுகளைக் கடலில் விடும் மாலைப்பொழுதே மேல். முட்டைகள் பொரிய ஏறத்தாழ ஏழு வாரம் ஆகும். அதனால் மார்ச், ஏப்ரலில் போனால் பார்க்க வாய்ப்பு அதிகம். நடையும் இல்லை, தூக்கமும் கெடாது.

நாகலாபுரம் மலை ஆந்திரத்தில், ஊத்துக்கோட்டையைத் தாண்டி இருக்கிறது. ஓடையும் பாறையும் மடுவும் பிள்ளைகளைச் சுண்டி இழுக்கும். ஆனால் உள்ளே எத்தனை மணி நேரம் நடந்தீர்களோ, வெளியே வரவும் அத்தனை மணி நேரம். வனத்துறை அனுமதியும் வழி தெரிந்த ஆளும் இல்லாமல் போகவே கூடாது. பாசிப் பாறையில் சாதாரண ரப்பர் செருப்பு வழுக்கும். குதிகாலில் பட்டை உள்ள சாண்டல் போடுங்கள். மடுக்கள் சட்டென்று ஆழமாகும். காற்றடித்த டியூப் விளையாட்டுப் பொருள்தான், உயிர் காக்காது. லைஃப் ஜாக்கெட்டைப் பிள்ளைக்கு மாட்டி, ஜாக்கெட்டின் தோள் பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அது காது வரை ஏறினால் அளவு பெரிது. தொடைக்கு நடுவே போகும் பட்டை இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். வடகிழக்குப் பருவமழையில் ஓடை திடீரென்று பெருகும், அப்போது வேண்டாம்.

மூன்று இடத்துக்கும் ஓஆர்எஸ் (உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டக் கரைத்துக் குடிக்கும் பொடி) பொட்டலம் எடுத்துப் போவார்கள். அரை லிட்டர் பாட்டிலில் பெரிய பொட்டலம் முழுவதையும் கொட்டிவிடுவதுதான் வழக்கமான தவறு. அது ஒரு லிட்டருக்கானது. உப்பு கூடினால் பிள்ளையின் நிலை இன்னும் மோசமாகும்.

முழுப்பரீட்சை லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், மே மாதம் வேடந்தாங்கலில் பெரும்பாலான பறவைகள் போயிருக்கும், நாகலாபுரம் ஓடையில் தண்ணீர் குறைந்திருக்கும். வேடந்தாங்கலுக்கு அரையாண்டு விடுமுறையும் பொங்கல் விடுமுறையும்தான் சரியான நேரம்.